மருத்துவர் பதில்: நழுவி விழும் சலங்கை முத்து

அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று பக்கத்துக்கு நீங்கள் எழுதியிருக்கும் அச்சங்களைவிட, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் சேர்த்திருக்கும் இரண்டு வரிகள்தான் என்னைக் கவலைப்பட வைத்தன. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் 52 வயதான உங்கள் கணவருக்கு இரண்டு மாதமாகச் சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் ஆகிறது என்றும், சாமணத்தில் பிடித்த சலங்கை முத்து அடிக்கடி நழுவி விழுகிறது என்றும், பார்வைக் குறைவோ என்று கண்ணாடியை மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன், உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கழுத்து வலிக்காக, முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தியும் திருப்பியும் செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு அவர் இரண்டு முறை போனபோது, தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பியதும் ‘மடக்’கென்று கேட்ட சத்தத்தில் எலும்பு விலகியிருக்குமோ, நரம்பு அறுந்திருக்குமோ என்று கேட்கிறீர்கள். அந்தச் சத்தம் எலும்பு நகரும் சத்தமும் இல்லை, நரம்பின் சத்தமும் இல்லை. முதுகெலும்புகள் ஒன்றோடொன்று சேரும் சிறிய மூட்டுகளுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டின் இரு பரப்புகளும் திடீரென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அந்தத் திரவத்தில் ஒரு வாயுக் குமிழ் உருவாகிறது. அப்போது எழும் ஓசை அது. விரல் மூட்டில் சொடக்கு எடுப்பதை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்துப் படமெடுத்து, குமிழ் தோன்றும் அந்தக் கணத்தையே 2015-இல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒருமுறை சொடக்கு எடுத்த விரலில் உடனே மறுபடி சத்தம் வராததைக் கவனித்திருப்பீர்கள். மூட்டு பழைய நிலைக்கு வர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். ஆகவே சத்தம் கேட்டதால் எதுவும் கெட்டுவிடவில்லை. சத்தம் கேட்டதாலேயே விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னதும் உண்மையில்லை.

அப்படியானால் இரண்டு நாள் வலி குறைந்தது எப்படி என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. மூட்டுக்கும் நரம்பு மண்டலத்துக்கும் உள்ள உண்மையான தொடர்பு அங்கேதான் இருக்கிறது. மூட்டின் உறையிலும் சுற்றியுள்ள தசையிலும் இழுவையை உணரும் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. வேகமான அந்த இழுவை அவற்றைத் தூண்ட, இறுகியிருந்த தசை தளர்கிறது, மூளைக்குப் போகும் வலிச் செய்தி சிறிது நேரம் அடங்குகிறது. கை தேர்ந்த ஒருவர் செய்தால் இடுப்பு வலிக்கு இதனால் ஓரளவு பயன் உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர்கள் அமைப்பு 2017-இல் வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டுதலிலும் ஒத்தடம், மசாஜ், உடற்பயிற்சி முதலியவற்றோடு இதற்கும் இடம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் கழுத்தெலும்பு விலகி நரம்பை அழுத்துவதால்தான் அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தன என்றும், 24 முறை வந்தால் மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்றும் சொல்லி முன்பணம் வாங்கியிருக்கிறார்களே, அதை ஏற்க முடியாது. இந்தக் கொள்கை 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிவைத்தது. காது கேளாத ஒருவரின் முதுகெலும்பைச் சரிசெய்து கேட்கும் திறனை மீட்டதாக அவர் சொன்னார். செவி நரம்போ காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத் தண்டுக்குப் போய்விடுகிறது, முதுகெலும்பின் பக்கம் அது வருவதே இல்லை. சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனி அந்த இரண்டு வரிகளுக்கு வருகிறேன். கழுத்தெலும்புகளின் நடுவே உள்ள குழாய் போன்ற பாதையில், மூளையிலிருந்து வரும் நரம்புக் கற்றையான தண்டுவடம் சுண்டுவிரல் பருமனில் இறங்குகிறது. வயதாக ஆக, எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு பிதுங்குவதாலும் எலும்பு முளைகள் வளர்வதாலும், சிலருக்குப் பின்னால் இருக்கும் தசைநார் எலும்பைப் போல் கெட்டிப்படுவதாலும் அந்தப் பாதை குறுகும். பக்கவாட்டில் பிரியும் நரம்பு வேர் ஒன்று அழுந்தினால் தோளிலிருந்து விரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் வலிக்கும், அந்த வலியே ஆளை மருத்துவரிடம் இழுத்து வந்துவிடும். தண்டுவடமே அழுந்தும்போது பெரும்பாலும் அப்படி வலிப்பதில்லை. கை மெல்ல மெல்ல நுணுக்கத்தை இழக்கிறது, கால் மெல்ல மெல்லத் தள்ளாடுகிறது, வயதாகிவிட்டது என்றோ கண் மங்கிவிட்டது என்றோ வீட்டில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முப்பது ஆண்டுகளாகக் கண்ணி கண்ணியாகக் கொலுசு கோத்த ஒரு கைக்குச் சலங்கை முத்து நழுவுகிறது என்றால், அதைச் சோர்வு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்று மாலை அவரை உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி 10 நொடிக்குள் உள்ளங்கையை முழுதாக மூடி முழுதாக விரிக்கச் சொல்லி எண்ணுங்கள். சாதாரணமாக 20 முறையாவது வரும். அதற்குக் குறைந்தாலோ, விரல்களைச் சேர்த்து நீட்டச் சொல்லும்போது சுண்டுவிரல் மட்டும் தனியே விலகி நின்றாலோ கவனிக்க வேண்டும். முகம் கழுவக் கண்ணை மூடும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாரா, தலையைக் குனிந்தால் முதுகு வழியே ஷாக் அடித்தாற்போல் இருக்கிறதா, சிறுநீர் அவசரமாக முட்டுகிறதா என்றும் கேளுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தாலும், பொத்தான் விஷயம் ஒன்றுக்காகவே இந்த வாரத்துக்குள் அவரை நரம்பியல் மருத்துவரிடமோ தண்டுவட அறுவை மருத்துவரிடமோ காட்ட வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே நீங்கள் போகலாம். கை கால்களைத் தட்டிப் பார்த்து, தேவையென்றால் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், சர்க்கரையாலும் பி12 குறைவாலும் இதே போன்ற தொல்லை வரக்கூடும் என்பதால் ரத்தமும் சோதிப்பார்கள். தண்டுவடம் அழுந்தியிருப்பது உறுதியானால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். அதைக் கேட்டுப் பதற வேண்டாம். மேலும் கெடாமல் நிறுத்துவதே அதன் முதல் நோக்கம், இழந்த நுணுக்கம் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அதுவரை அவர் கழுத்தை யாரும் திருப்பக் கூடாது. கைரோபிராக்டர் மட்டுமில்லை, சுளுக்கு எடுப்பவரும், முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்து நெட்டி முறிக்கும் சலூன்காரரும் இதில் அடக்கம். குறுகிய பாதைக்குள் தண்டுவடம் இருக்கும்போது சட்டென்று கொடுக்கும் ஒரு திருகல் ஏற்கனவே நெருக்கப்பட்டிருப்பதை நசுக்கிவிடக்கூடும். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவதும் உண்டு. அது அரிது, உங்கள் கணவருக்கு ஏழு வாரமாக அப்படி ஒன்றும் நேரவில்லை. இருந்தாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: கழுத்தைத் திருப்பிய அடுத்த சில நாட்களில் இதுவரை இல்லாத கடுமையான வலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், ஒரு பக்கம் மரத்துப்போதல் இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

கழுத்தை அசைத்தால் ‘நறநற’ என்று கேட்பது எல்லா வயதிலும் உள்ளது, விட்டுவிடுங்கள். போன மாதம் ஏற்காடு போகும் வழியில் தலை சுற்றியதையும் இதோடு முடிச்சுப் போட வேண்டாம், அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளும் யாருக்கும் தலையைச் சுற்றவைக்கும். நள்ளிரவில் கைப்பேசியில் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருக்கும் கேன்சர், எடை குறையாமலும் இரவில் காய்ச்சல் இல்லாமலும் இருக்கும் ஒருவருக்கு நான் முதலில் நினைக்கும் காரணமே இல்லை. அந்தக் காணொளிகளைப் பார்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மூன்று மாதமாக அவர் தினமும் போடும் வலி மாத்திரை வேறு விஷயம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலியை மறைத்து, நோய் முற்றுவதையும் மறைக்கும். அதோடு உறையில்லாமல் பொட்டலமாகக் கட்டித்தரும் ‘நரம்பு மாத்திரை’யில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அப்படியிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே அந்தப் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, எப்படி நிறுத்துவது என்று அவரையே கேளுங்கள்.

மீதி 22 முறைக்குக் கட்டிய பணம் வீணாகிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டாலும் அவரை அங்கே அனுப்பாதீர்கள். ஸ்கேன் முடிவு தெரியும் வரை அவர் பட்டறைக்குப் போகலாம். ஆனால் தரையில் குனிந்து உட்காராமல் பலகையை மார்பு உயரத்துக்கு ஏற்றிவைத்துக்கொண்டு வேலை செய்யட்டும், தலையில் சுமை தூக்க வேண்டாம், இருசக்கர வாகனம் ஓட்டவே வேண்டாம். வழுக்கி விழுந்தால் அந்தக் கழுத்து தாங்காது என்பதால், குளியலறைத் தரையை ஈரமில்லாமல் துடைத்துவையுங்கள்.