அழுது முடிக்கட்டும், பொம்மை பிறகு வரட்டும்

சகோதரி, பள்ளி நாடகத்தில் வேடம் கிடைக்காமல் அழுத ஏழு வயது மகளுக்குத் தாத்தாவும் பாட்டியும் அன்றைக்கே பொம்மை வாங்கித் தந்துவிட்டார்கள், இது செல்லம் கொடுத்துக் கெடுப்பதாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. பேத்தியின் கண்ணீரைப் பொறுக்க முடியாத மனம் அது; தயவுசெய்து அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பொம்மை வந்த வேகம்தான் என்னை உறுத்துகிறது. அழுது தீர்ப்பதற்குள் பரிசு வந்துவிட்டால், வருத்தத்தை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு இடமில்லாமல் போகிறது. “எவ்வளவு ஆசையாக இருந்தாய், கண்ணே” என்று பாட்டி மடியில் கிடத்தித் தலையைக் கோதினாலே போதும். மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனத்தைத் தாத்தாவுக்கு அவள் நடித்துக் காட்டட்டும், அவரும் முழுவதையும் கேட்கட்டும். “அடுத்த முறை உனக்குத்தான்” என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வேடம் கொடுப்பது அவர்கள் கையில் இல்லையே.