மழைக்காலத்தில் வரும் பூனைக்குட்டி (கடிதமும் பதிலும்)

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒன்பதாவது மாடி பிளாட்டில் இருக்கிறோம். தீபாவளி முடிந்த வாரம் ஒரு பூனைக்குட்டி வீட்டுக்கு வருகிறது. மார்க்கெட்டுக்குப் பின்னால் பிறந்தது. இப்போது தாயோடு தெரிந்தவர் வீட்டில் இருக்கிறது. வரும்போது எட்டு வாரம் ஆகியிருக்கும். இணையத்தில் தேடினால் பனிக்காலத்தில் குட்டியை எப்படி வளர்ப்பது என்றுதான் வருகிறது. மின்சூட்டு மெத்தை, கம்பளிச் சட்டை, முதல் வாரம் குளியலறையில் வைப்பது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இங்கே பனி இல்லை. ஆனால் தினமும் மழை, இரவில் ஏர்கோன். அந்த மெத்தையை வாங்க வேண்டுமா? பசும்பாலும் அவித்த மீனும் போதும் என்கிறார் என் மாமியார். சரிதானா?

வாசகி, பினாங்கு

அன்புள்ள சகோதரிக்கு,

மின்சூட்டு மெத்தை வேண்டாம். அந்தப் பணத்தில் ஜன்னலுக்குக் கம்பிவலை வாங்குங்கள்.

அதற்காகப் பனிநாட்டுக்காரர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் கூடாது. பூனை பாலைவனத்துக் காட்டுப்பூனையின் வம்சம். வளர்ந்த பூனையின் உடல், சூட்டுக்கென்று தனியாக உழைக்காமல் இருக்கக்கூடிய வெப்பநிலை 30 முதல் 38 டிகிரி. நமக்கு வியர்த்துக் கொட்டும் இடத்தில்தான் அதற்குச் சுகம். ரைஸ் குக்கர் பக்கத்திலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் போய்ப் படுப்பது அதனால்தான். எட்டு வாரக் குட்டி 800, 900 கிராம் இருந்தாலே பெரிது. மழை இரவின் 24 டிகிரியை, உடம்பு உலர்ந்திருந்தால் அது தாங்கும். ரோமம் நனைந்து, அதன்மேல் காற்றாடிக் காற்றும் பட்டால் தாங்காது. ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். நம் ஊரில் குளிர் என்பது ஈரமும் காற்றும்தான். வீட்டைத் தயார் செய்யும்போது இந்த இரண்டையும் மனத்தில் வையுங்கள்.

படுக்கைக்கு ஓர் அட்டைப்பெட்டி போதும். ஒரு பக்கத்தில் குட்டி நுழையும் அளவுக்கு வெட்டிவிட்டு, மேல்மூடியைப் பாதி மூடியே விடுங்கள். மொசைக் தரை சூட்டை இழுக்கும். அதனால் பெட்டியைப் பலகைமேலோ தடிமனாக அடுக்கிய செய்தித்தாள்மேலோ வையுங்கள். உள்ளே பழைய துவாலை இரண்டு, மாற்றுவதற்கு இன்னும் இரண்டு. மழைநாளில் துணி காயாது என்பதால் கூடவே வைத்திருங்கள். ஏர்கோன் காற்று நேராக விழும் இடத்திலும் கதவிடுக்குக்கு நேராகவும் பெட்டி இருக்கக் கூடாது. ஏர்கோனை 26க்குக் கீழே இறக்காதீர்கள். காற்றாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கூடுதல் சூடு தேவைப்பட்டால், அரை லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, துவாலையில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு போதும் என்று தோன்றினால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி வேண்டும். பாட்டில் ஆறியதும் எடுத்துவிடுங்கள். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டையே உறிஞ்சும். மின்மெத்தையில் இந்த நிதானம் இல்லை. அசந்து தூங்கும் குட்டிக்குத் தோல் வெந்துபோவது தெரியாது. வயரையும் கடிக்கும்.

மழையில் நனைந்து சில்லிட்டுத் துவண்டு கிடக்கும் குட்டி கையில் கிடைத்தால், முதலில் செய்ய வேண்டியது பால் புகட்டுவது அல்ல. சில்லிட்ட உடம்பில் செரிமானம் நின்றுபோயிருக்கும். ஊற்றிய பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். துவாலையால் ஒற்றியெடுங்கள். உங்கள் உடம்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். விரல் நுனியில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். தலையைத் தானே தூக்கி, விழுங்கத் தெரிந்த பிறகுதான் உணவு.

குளியலறை யோசனை நம் வீடுகளுக்குச் சரிவராது. அவர்கள் குளியலறைத் தரை காய்ந்திருக்கும், நம்முடையதில் எப்போதும் தண்ணீர் தேங்கும். ஒரு படுக்கையறையை முதல் வாரத்துக்கு ஒதுக்குங்கள். படுக்கை ஒரு மூலையில், மலஜலம் கழிக்க மணல் தட்டு எதிர்மூலையில், சாப்பாடு இரண்டுக்கும் எட்டத்தில். தட்டின் விளிம்பு 7 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குட்டி ஏறச் சிரமப்படும். நீர் பட்டதும் கட்டியாகும் களிமண் மணல் இப்போது வேண்டாம். குட்டிகள் அதைத் தின்னும், குடலிலும் அது கட்டியாகும். மரத்தூள் குச்சிகள் நல்லது. சோயா மணலில் இந்த ஈரப்பதத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். வாங்கினால் கொஞ்சமாகக் கொட்டி, வாரம் ஒருமுறை முழுக்க மாற்றுங்கள். தட்டைக் கழுவும்போது கவனம்: தண்ணீர் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளில் பூனையின் கல்லீரல் முறிக்க முடியாத பொருள்கள் உண்டு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலும் விஷம். சோப்பும் வெந்நீரும் போதும்.

உங்கள் மாமியார் அன்போடுதான் சொல்கிறார். ஆனாலும் பசும்பால் வேண்டாம். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. 900 கிராம் உடம்புக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கே ஆபத்து. சோறும் அவித்த மீனும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச்சத்து போதாமல் எலும்பு வளையும். மீனை வாரத்தில் ஒருநாள், முள் நீக்கி, வெங்காயமும் பூண்டும் படாமல், ஆசைக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். மற்றபடி குட்டிகளுக்கான உணவு, நாளுக்கு நான்கு வேளை. இப்போது தின்பதையே முதல் வாரமும் கொடுங்கள், பிறகு மெல்ல மாற்றலாம். டின் உணவை அரைமணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். எறும்புக்குப் பயந்து மருந்து போட வேண்டாம். கிண்ணத்தை ஆழமில்லாத தண்ணீர்த் தட்டில் வைத்தால் போதும்.

இனி ஜன்னல். ஒன்பதாவது மாடி என்பதால் இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. கிரில் கம்பிகளின் இடைவெளி நமக்குக் குறுகலாகத் தெரியும். தலை நுழைந்தால் குட்டியின் உடம்பும் நுழைந்துவிடும். மழையில் நனைந்த கம்பியில் நகம் பிடிக்காது. 2 சென்டிமீட்டர் கண்ணுள்ள, பிளாஸ்டிக் பூசிய கம்பிவலையைக் கிரிலின் உள்பக்கம் வைத்து, கேபிள் டையால் சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கட்டுங்கள். கீழ்விளிம்பில் இன்னும் நெருக்கமாக. கையால் தள்ளிப் பாருங்கள், எங்காவது விலகினால் அந்த இடத்தைத்தான் குட்டியும் கண்டுபிடிக்கும். நைலான் வலையைக் கடித்தே ஓட்டையாக்கிவிடும். மழைக்காலத்தில் துணி உலர்த்தும் இயந்திரம் ஓடும் வீடு என்றால், ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்துமுன் உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள். சூடான துணியை விடச் சுகமான படுக்கை பூனைக்குக் கிடையாது.

பனிநாட்டுக் கட்டுரைகளில் வராத இடம் நம் சாமி மேடை. பூச்சரத்தின் நூல்தான் அங்கே முதல் எதிரி. பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. நூல் ஒட்டினால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொள்ள, குடல் நூலைச் சுற்றிச் சுருங்கிக் கிழியும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாடிய சரத்தை மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். கற்பூரம், அந்துருண்டை, தலைவலித் தைலம், பனடோல் (பாரசிட்டமால் மாத்திரை) எல்லாம் பூட்டிய அலமாரிக்குள். பனடோல் ஒரே மாத்திரை வளர்ந்த பூனையைக் கூடக் கொல்லும். கடையில் வாங்கும் லில்லிப் பூ வீட்டுக்குள்ளேயே வேண்டாம். மகரந்தம் ரோமத்தில் பட்டு அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

டிங்கிக் காய்ச்சல் கொசுவை ஒழிக்கப் புகையடிக்கும் நாளில் குட்டியைக் கூடையில் வைத்து வேறிடம் கொண்டுபோய்விடுங்கள். அந்தப் புகையில் வழக்கமாகச் சேரும் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து பூனைக்கு ஆகாது. திரும்பியதும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தரையையும் கிண்ணங்களையும் கழுவிய பிறகே இறக்குங்கள். நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்தில் இதே வகை பெர்மெத்ரின் செறிவாக இருக்கும். அதைக் குட்டியின் முதுகில் விட்டால் வலிப்பு வந்து செத்துப்போகும். குட்டியின் எடைக்கு ஏற்றதை மருத்துவரிடம் மட்டும் வாங்குங்கள்.

வந்த இரண்டு மூன்று நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும்வரை போகும். இடையில் ஒன்றை விட்டுவிட்டால் காப்பு முழுமையாகாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி எந்த வாரத்தில் மறையும் என்று யாராலும் கணிக்க முடியாது, அதனால்தான் அத்தனை ஊசிகள். வட்டமாக ரோமம் உதிர்ந்த இடம், மூக்கில் ஆறாத புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதலாவது படர்தாமரையாக இருக்கலாம். இரண்டாவது மலேசியப் பூனைகளிடம் காணப்படும் பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். இரண்டும் மனிதருக்கும் ஒட்டும்.

சமையல் தராசு இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் கூட வேண்டும். எடை இறங்கினாலோ, 12 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டாலோ, கண்ணிலும் மூக்கிலும் ஒழுகினாலோ மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போதே ஒரு வேலை இருக்கிறது. பழைய துவாலை ஒன்றை அந்தத் தெரிந்தவர் வீட்டில் கொடுத்து, தாய்ப்பூனை படுக்கும் இடத்தில் விரிக்கச் சொல்லுங்கள். குட்டியைக் கூட்டிவரும் நாளில் அதைத் துவைக்காமல் எடுத்துவந்து பெட்டிக்குள் போடுங்கள். முதல் இரவு அது அழும்போது பக்கத்தில் அந்த வாசம் இருக்கட்டும். பட்டாசு முழுக்க ஓய்ந்த பிறகே கூட்டி வாருங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, தாயோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் அதற்கு நல்லதுதான்.

அன்புடன்.