வழக்குக் கட்டைத் தர மறுக்கும் வக்கீல் மேல் எங்கே புகார் செய்வது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். அப்பா காலத்துத் தோட்டத்தில் பாகம் கேட்டு 2019-ல் வழக்குப் போட்டேன். வக்கீலுக்கு இதுவரை 85,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன், பாதி ஜிபேயில், பாதி கையில். எப்போது கேட்டாலும் “வாய்தா போட்டிருக்கு” என்பார். போன மாதம் என் மகள் மொபைலில் பார்த்தபோது, வழக்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பே தள்ளுபடி ஆகியிருப்பது தெரிந்தது. கட்டைத் திருப்பிக் கேட்டால், “பாக்கி நாற்பதாயிரத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்” என்கிறார். இவர் மேல் எங்கே புகார் செய்வது? யார் வந்து விசாரிப்பார்கள்? என் பணம் திரும்பி வருமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் இப்போது அவசரம்: தோட்டம் என்ன ஆவது? வக்கீல் மேல் புகார் கொடுத்து அவரது லைசென்ஸே போனாலும், தள்ளுபடியான உங்கள் வழக்கு தானாக எழுந்து உட்காராது. அது தனிப் பாதை, அதற்குக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மகளிடம் சொல்லி இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்குக்கென்றே கொடுத்திருக்கும் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு மறுபடியும் பாருங்கள். ஒவ்வொரு வாய்தா தேதியையும் தொட்டால் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒன்றிரண்டு வரி வரும். “வாதி தரப்பு ஆஜரில்லை, கடைசி வாய்ப்பு” என்ற மாதிரி ஏதாவது இருக்கும். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அதே கோர்ட்டில் நகல் மனுப் போட்டு, பிராது (நீங்கள் போட்ட வழக்கு மனு), எதிருரை (எதிர்த்தரப்பு கொடுத்த பதில்), தள்ளுபடி உத்தரவு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். இதற்கு உங்கள் வக்கீலின் தயவு தேவையில்லை. கட்டு அவரிடமே கிடந்தாலும் பாதிக் கட்டை இப்படித் திரும்பக் கட்டிவிடலாம். மீதி, அவரிடம் கொடுத்த அசல் பத்திரங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கை மறுபடி கோப்பில் எடுக்க, உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டுக் கூடவே இன்னொரு மனு வேண்டும். அதில் “வக்கீல் சொல்லவில்லை” என்று ஒரு வரி எழுதினால் போதாது. நீங்கள் எந்தெந்தத் தேதியில் அவரைக் கேட்டீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், எப்போது உண்மை தெரிந்தது என்று தேதிவாரியாகச் சொல்ல வேண்டும். 1981-ல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் என்ற வழக்கில், வக்கீல் ஆஜராகாததற்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, தள்ளுபடியான மேல்முறையீட்டை உயிர்ப்பித்தது. அதற்கான 200 ரூபாய் செலவுத் தொகையை வராமல் போன அந்த வக்கீலிடமே வசூலிக்கச் சொன்னது. ஆனால் கட்சிக்காரர் வருடக்கணக்கில் தூங்கிவிட்டு வக்கீல் மேல் பழி போட்டால் நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. ஆகவே தெரியவந்த நாளிலிருந்து ஒவ்வொரு வாரமும் கணக்கு. பாகப்பிரிவினை வழக்குக்கு ஒரு சௌகரியம் உண்டு. சொத்து பொதுவில் இருக்கும்வரை பாகம் கேட்கும் உரிமை தொடர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், சில சமயம் புது வழக்கே போட முடியும். எது நல்லது என்பதைப் புது வக்கீல் காகிதத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பழையவரின் “நோ அப்ஜெக்‌ஷன்” கையெழுத்து இல்லாமல் வக்காலத்து (உங்களுக்காக ஆஜராக அதிகாரம் தரும் தாள்) போடப் புது வக்கீல் தயங்கலாம். கையெழுத்து மறுக்கப்பட்டால் நீதிமன்றத்திடமே அனுமதி கேட்கலாம்.

சரி, இனி புகாருக்கு வருவோம்.

கோர்ட்டில் நீதிபதியிடம் சொல்வதோ, ஊர் வக்கீல் சங்கத் தலைவரிடம் சொல்வதோ சட்டப்படியான புகார் ஆகாது. சங்கத் தலைவர் கூப்பிட்டுப் பேசினால் சில சமயம் கட்டு மறுநாளே வந்துவிடும், அது வேறு விஷயம். சட்டம் காட்டும் இடம் மாநில பார் கவுன்சில். நம் வக்கீல்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில். வக்கீலின் பெயர் எந்த மாநிலப் பட்டியலில் இருக்கிறதோ அங்கேதான் புகார் போக வேண்டும். அவருடைய பதிவு எண், நீங்கள் கையெழுத்துப் போட்ட வக்காலத்தின் முத்திரையிலேயே இருக்கும். எம்எஸ் என்று ஆரம்பித்து, எண், வருடம். வக்காலத்து நகல் இல்லையென்றால், நகல் மனுவில் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

யார் வந்து விசாரிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் வர மாட்டார்கள். பலருக்கு இங்கேதான் ஏமாற்றம். பார் கவுன்சிலுக்குப் போலீஸ் மாதிரி ஆள் கிடையாது. உங்கள் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் வாங்கவோ அவர் ஆபீஸைச் சோதனை போடவோ மாட்டார்கள். விசாரணை என்பது இரண்டு தரப்புக் காகிதங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது. காகிதம் கொண்டுவர வேண்டியவர் நீங்கள்.

அதனால் புகாரை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம். என்னிடம் திருத்தக் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் இப்படி ஆரம்பிக்கும்: “மேற்படி வக்கீல் எதிர்க்கட்சியிடம் விலைபோய், ஏழையான என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்து...” விலைபோனதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், “வேற எப்படிங்க தோத்திருக்கும்?” என்பார்கள். அந்த ஒரு வரி, பக்கத்தில் நிற்கும் நல்ல வரிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். குறுக்கு விசாரணை என்று வந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். உங்கள் விஷயத்தில் நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: இந்தத் தேதியில் வக்காலத்துக் கொடுத்தேன். இந்தத் தேதிகளில் இவ்வளவு பணம், வங்கிக் கணக்கு விவரம் இணைப்பு. இந்தத் தேதியில் வழக்குத் தள்ளுபடி, உத்தரவு நகல் இணைப்பு. அதற்குப் பிறகு இந்தத் தேதியில் நான் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு “வாய்தா ஆகியிருக்கிறது” என்று அவர் அனுப்பிய பதில் இணைப்பு. இந்தத் தேதியில் கட்டைக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிய கடிதம், ஒப்புகை அட்டை இணைப்பு. அவ்வளவுதான். இதில் நாலாவதுதான் உயிர்நாடி. ஒருமுறை ஆஜராக மறந்துபோனது அஜாக்கிரதை. தள்ளுபடி ஆன பிறகும் வாய்தா என்று சொன்னது பொய். வெறும் அஜாக்கிரதைக்கும் தொழில் ஒழுக்கக்கேட்டுக்கும் நடுவில் கோடு உண்டு என்பதை உச்ச நீதிமன்றமே 1989-ல் சொல்லியிருக்கிறது. உங்களைக் கோட்டின் சரியான பக்கத்தில் நிறுத்துவது அந்த வாட்ஸ்அப் வரி. அந்த போனை விற்றுவிடாதீர்கள்.

புகாரை மனு வடிவில் எழுதி, கையெழுத்திட்டு, சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழிப் பகுதியும் சேர்க்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். கட்டணம் உண்டு. எவ்வளவு, எத்தனை பிரதி, மாதிரிப் படிவம் இருக்கிறதா என்பதையெல்லாம் கவுன்சில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். கட்டணம் இல்லாத புகார் சும்மா கிடக்கும். இதற்கு வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

புகார் போனதும், 1961-ம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவின்படி நடவடிக்கை தொடங்கும். முதல் கட்டத்தில் கவுன்சில் வக்கீலிடம் விளக்கம் கேட்கலாம், உங்களிடம் கூடுதல் விவரம் கேட்கலாம். ஒழுக்கக்கேடு நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருக்கிறது என்று தோன்றினால்தான் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். இல்லையென்றால் புகார் அங்கேயே முடியும். குழுவில் மூன்று பேர்: கவுன்சில் உறுப்பினர்கள் இரண்டு பேர், வெளியிலிருந்து சேர்த்துக்கொண்ட வக்கீல் ஒருவர். “வக்கீலை வக்கீல்களே விசாரித்தால் எப்படி?” என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் மாநில அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரலுக்கும் நோட்டீஸ் போகும், சாட்சியை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு, மேலே போய்த் திருத்தவும் வழி இருக்கிறது. பெரும்பாலும் பிரமாணப் பத்திரமும் ஆவணமும் வைத்தே முடிப்பார்கள். தேவை என்று பட்டால் சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் நடக்கும். இது பாதி கிரிமினல் வழக்கு மாதிரி. சந்தேகம் வந்தால் பலன் வக்கீலுக்குத்தான்.

முடிவில் குழு செய்யக்கூடியவை: புகாரைத் தள்ளுபடி செய்வது, கண்டிப்பது, குறிப்பிட்ட காலத்துக்கு சஸ்பென்ட் செய்வது, பட்டியலிலிருந்தே பெயரை எடுப்பது. இதில் திருப்தி இல்லாதவர் யாரானாலும் 60 நாளுக்குள் டெல்லியில் இருக்கும் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகலாம், அதற்குமேல் இன்னொரு 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம். மாநிலக் குழு ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் வழக்கு டெல்லிக்கு மாறிவிடும் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் கெடுவை ஒழுங்காகக் கடைப்பிடிக்கச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நடைமுறையை ஊகித்துக்கொள்ளலாம். குற்ற வழக்கில் சிக்கிய வக்கீல்களுக்கு பார் கவுன்சில் உடனடியாகத் தடை போட்டதாகச் செய்தியில் படித்திருப்பீர்கள். உங்களைப் போன்ற புகாரில் அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கட்டு விஷயத்தில் உங்கள் பக்கம் சட்டம் தெளிவாக இருக்கிறது. போபாலில் ஒரு கூட்டுறவு வங்கிக்கு வக்கீலாக இருந்தவர், வேலையிலிருந்து நீக்கப்பட்டதும் 97,100 ரூபாய் பாக்கி என்று பில் அனுப்பி, அது வராமல் கட்டுகளைத் தர மாட்டேன் என்றார். ஆர். டி. சக்சேனா வழக்கு என்று எங்களுக்குள் சொல்வோம். 2000-ல் உச்ச நீதிமன்றம், ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, அது தொழில் ஒழுக்கக்கேடு என்றது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். கட்டு என்ன அடகுச் சாமானா? ஆனால் தண்டனையையும் கவனியுங்கள். இந்திய பார் கவுன்சில் போட்ட 18 மாதத் தடையை உச்ச நீதிமன்றம் வெறும் கண்டிப்பாகக் குறைத்தது. அதுவரை இந்தச் சட்டம் தெளிவாக இருக்கவில்லை என்பது காரணம். இன்றைக்கு அந்தச் சாக்கு செல்லாது.

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது நம் ஊரிலேயே நடந்தது. காது கேளாத ஒரு முதியவரும் இன்னொருவரும் 15,000, 5,000 ரூபாய் புரோநோட்டுகளை வசூலுக்கு வழக்குப் போடச் சொல்லி ஒரு வக்கீலிடம் கொடுத்தார்கள். வழக்கு நடப்பதாகவே நம்பவைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டுக் குழு ஆறு வருடம் சஸ்பென்ட் செய்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருடமாக்கியது. 1979-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர், தண்டனையின் ஒரு பகுதியை ஏழைகளுக்கு இலவசமாக வழக்காடும் சேவையாக மாற்றினார். அமர்வில் ஒரு நீதிபதி அதற்கு உடன்படவில்லை. ரங்கதுரை வழக்கு என்று சட்டக் கல்லூரியில் இன்றும் நடத்துகிறார்கள்.

பணத்துக்கு வருவோம். நீங்கள் கொடுத்த 85,000-ஐத் திருப்பிக் கொடு என்று உத்தரவிட்டு வசூலித்துத் தருவது ஒழுங்குக் குழுவின் வேலை அல்ல. அதன் கையில் இருப்பது லைசென்ஸ். நுகர்வோர் கோர்ட்டும் இப்போது இல்லை. வக்கீல் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் சட்டத்தில் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. மிச்சம் இருப்பது சிவில் வழக்கு, பொதுவாக மூன்று வருடக் கெடு. செலவையும் அலைச்சலையும் கணக்குப் பார்த்தால், இந்தத் தொகைக்கு அது லாபமா என்று எனக்குச் சந்தேகம்தான். போலீஸ் எல்லா விஷயத்துக்கும் இல்லை. உங்கள் பெயரில் கோர்ட்டிலிருந்து வந்த தொகையை அவர் எடுத்துக்கொண்டாலோ, போலி உத்தரவு தயாரித்துக் காட்டினாலோ அது கிரிமினல் குற்றம், அப்போது தயங்காமல் போகலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

நடைமுறையில் பணம் திரும்புவது வேறு வழியில். நோட்டீஸ் போனதும் வக்கீலே குமாஸ்தாவை அனுப்பி, “கட்டையும் கொஞ்சம் பணத்தையும் வாங்கிக்கொண்டு புகாரை வாபஸ் வாங்கிவிடுங்கள்” என்பார். வாங்கிக்கொள்வது உங்கள் இஷ்டம். ஆனால் இரண்டு விஷயம். புகார்தாரர் வாபஸ் வாங்கினார், சமாதானம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக வழக்கைக் கைவிடக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆகவே “கண்டிப்பாக முடித்துத் தருகிறேன்” என்று நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. அப்புறம், “எனக்கு எந்தக் குறையும் இல்லை, புகாரில் சொன்னது தவறு” என்று அவர்கள் தட்டச்சு செய்து கொண்டுவரும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கிய பத்திரங்களின் பட்டியலும் தொகையும் மட்டும் இருக்கும் ரசீதில் போடுங்கள்.

இன்னொரு வாசகர், எதிர்க்கட்சி வக்கீல் மேல் இதே மாதிரி புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். பொதுவாக எடுபடாது. அவர் உங்களுக்குக் கடமைப்பட்டவர் அல்ல. அப்படி வந்த புகாரை விசாரணைக்கு எடுத்த ஒரு மாநில பார் கவுன்சிலுக்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் செலவுத் தொகையே விதித்தது.

உங்கள் ஊர் வக்கீல்கள் யாரும் சக வக்கீலுக்கு எதிரான விஷயம் என்று வழக்கை எடுக்கத் தயங்கினால், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். அதற்கு முன்னால், இந்த வாரமே அந்த ஸ்பீட் போஸ்ட் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். நாலு வரி போதும்: வழக்கு எண், நீங்கள் கொடுத்த அசல் பத்திரங்களின் பட்டியல், பதினைந்து நாளில் கட்டைத் தர வேண்டும், ஃபீஸ் பாக்கி என்று ஏதாவது இருந்தால் கணக்கைத் தனியாக அனுப்பவும். திட்டாதீர்கள். அந்தக் கடிதத்தைப் பிற்பாடு குழுவில் உள்ள மூன்று பேரும் படிப்பார்கள்.