எழுத்தாளர் ஆகும் எண்ணம் இல்லாதவர் தினமும் எழுதுவதால் என்ன பயன்?

அவர்களுக்குத்தான் கூடுதல் பயன் என்பேன். நான் மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிறவன். கதை, கவிதை எதுவும் வராது. எழுதுவது சாகுபடி நோட்டு மட்டும்தான்.

ஆள் கூலி, டிராக்டர் வாடகை, உரம் என்று செலவுக் கணக்கை எல்லோரும் எழுதுகிறோம். அதன் பக்கத்தில் ஒரு காரணமும் எழுதிப் பாருங்கள். என் சம்பா நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "மேலுரம் போடவில்லை. வானம் மூடிக் கிடக்கிறது, மழை அடித்தால் யூரியா வாய்க்காலோடு போய்விடும். தெற்கு வயல் பயிர் ஏற்கெனவே கரும்பச்சை." அந்தக் கடைசி வரி எழுதும்போதுதான் தோன்றியது. மழைக்காகத்தான் தள்ளிப்போடுகிறேன் என்று அதுவரை நினைப்பு. எழுதியதும், வெயில் அடித்தாலும் அந்த வயலுக்கு இப்போது யூரியா வேண்டாம் என்று புரிந்தது. கரும்பச்சை என்றால் யூரியா தரும் தழைச்சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது; அது மிஞ்சினால் இலைச்சுருட்டுப் புழு தேடி வரும். மனசுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்த இரண்டு காரணங்கள் நோட்டில் பிரிந்துவிட்டன.

அப்புறம், ஞாபகத்தை நம்ப முடியாது. பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறக்காத வருஷங்களில் எங்கள் டீக்கடையில், "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லாத ஆளே கிடையாது, நான் உட்பட. அப்போது உண்மையில் என்ன நினைத்தேன் என்பது நோட்டில்தான் இருக்கும். தண்ணீர் பிந்தினால் 155 நாள் போல ஓடும் சி.ஆர். 1009 நெல் ரகத்தை விதைப்பதா, அதைவிடக் குறைந்த வயது ரகத்துக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு வந்தால், பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசுவோம். சண்டை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

படிக்கிற பிள்ளைகளுக்கு: புத்தகத்தைப் பார்த்து எழுதுவதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதுவது நல்லது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவில் இருந்தது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் என் அக்கா மகளிடம் இதைத்தான் சொன்னேன். "கை வலிக்குது மாமா" என்கிறாள், ஆனால் எழுதுகிறாள்.

எதை எழுதுவது என்பதற்கு எங்கள் கும்பகோணத்து ராமானுஜன் வேறு மாதிரி உதாரணம். காகிதம் விலை அதிகம் என்று சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். வழிமுறை பெரும்பாலும் கிடையாது. அந்த நோட்டுகளில் உள்ளவற்றை நிரூபித்து, அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். மேதைக்குச் சரி, நமக்கு அப்படி உழைக்க யார் வரப்போகிறார்கள்? வழியையும் எழுதிவிடுங்கள்.

போனில் பேசிப் பதிவு செய்தும் பார்த்தேன், திரும்பக் கேட்கப் பொறுமை இல்லை. உரக்கடையில் கொடுக்கும் டைரியே போதும். ராத்திரி சாப்பிட்டதும் நாலு வரி எழுதுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து ஒப்பேற்ற வேண்டாம். தேதியும் எந்த வேலையைப் பற்றியது என்பதும் மேலே இருக்கட்டும், பின்னால் தேட அது இல்லாமல் முடியாது.