மேத்ஸை மட்டும் விட்டுவிட வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை திருமங்கலத்திலிருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். "பத்தாவது எழுதிட்டு விண்வெளியில கமாண்டோ ஆகப்போறேன்னு உளர்றான் சார், நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்த அரை மணி நேரம் நாங்கள் இருவரும் என்ன பேசினோம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் முன்பு தெரிய வேண்டும்.

முதலில் அந்த நோட்டு. படிக்காமல் படம் வரைகிறான் என்றீர்களே, அதை முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். அதில் அவன் வரைந்திருப்பது ஒரு விண்வெளி மரைன் படை. மரைன் என்றால் போர்க்கப்பலில் போய், வேறொரு கப்பலிலோ கரையிலோ இறங்கிச் சண்டை போடும் வீரர். கதை எழுதுகிறவர்கள் விண்கலத்தையும் கப்பலாகவே பார்த்ததால், அதிலும் ஒரு மரைன் படையை ஏற்றிவிட்டார்கள். தம்பியின் படையில் இருபத்து நான்கு பேர். எதிரிக் கலத்துக்குள் நுழைவது அவர்கள் வேலை. "எடையே இல்லாத இடத்தில் துப்பாக்கி சுட்டால் சுட்டவன்தானே பின்னால் போவான்?" என்று கேட்டேன். உடனே ஒரு பக்கத்தைத் திருப்பினான். காலுக்குக் காந்த பூட்ஸ் வரைந்து, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் கொக்கி வரைந்திருந்தான். "விண்கலத்தோட உடம்பு அலுமினியமா இருந்தா காந்தம் ஒட்டாதுல்ல சார்" என்றான். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பரீட்சைக்காக எழுதும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அதைத் தன் கதைக்குள் வைத்துத் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் பையனைப் பார்ப்பது அபூர்வம்.

இப்படி ஒரு படை நிஜத்தில் இல்லை என்பதை அவனிடம் நேராகவே சொன்னேன். 1967-இல் வந்த விண்வெளி ஒப்பந்தம் நிலவிலும் மற்ற கோள்களிலும் ராணுவத் தளம் அமைப்பதைத் தடை செய்கிறது. இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு. அவன் முகம் வாடியது. ஆனால் கடல் படைகளிலிருந்து விண்வெளிக்குப் போனவர்கள் உண்டு. 1962-இல் பூமியைச் சுற்றிய முதல் அமெரிக்கரான ஜான் கிளென் மரைன் படை விமானி. 2000-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கிய முதல் குழுவின் தலைவர் பில் ஷெப்பர்ட், அமெரிக்கக் கடற்படையின் சீல் கமாண்டோவாக இருந்தவர். ஜானி கிம் என்பவர் சீல் கமாண்டோ, அப்புறம் மருத்துவர், அப்புறம் விண்வெளி வீரர். தம்பியை டாக்டராக்கும் ஆசை உங்களுக்கு இருப்பதால் இந்தப் பெயரை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 1984-இல் போன ராகேஷ் சர்மாவும், 2025-இல் போன சுபான்ஷு சுக்லாவும் புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமியில், அதாவது என்.டி.ஏ.வில் படித்தவர்கள். இருவரும் விமானப்படை. கடற்படைக்கும் இதில் இடம் இருக்கிறது. 2023 அக்டோபர் 21 அன்று, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்தின் சோதனைக் கலம் வங்கக் கடலில் இறங்கித் தலைகீழாக மிதந்தபோது, அதை மீட்டுக் கப்பலில் ஏற்றியது கடற்படை. அதற்கென்றே கொச்சியில் பயிற்சி கொடுக்கிறார்கள். இதைக் கேட்டதும் தம்பி நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நம் கடற்படையின் கமாண்டோ பிரிவு மார்கோஸ். 1987-இல் தொடங்கியது. அதில் நேரடியாகச் சேர முடியாது. முதலில் கடற்படையில் சேர வேண்டும், பிறகு தானாக விரும்பி விண்ணப்பிக்க வேண்டும். தேர்வின் தொடக்கத்திலேயே பெரும்பாலானவர்கள் கழிந்துவிடுவார்கள். தம்பியும் கழியலாம். என்.டி.ஏ. வழியாகப் போயிருந்தால், கழிந்தாலும் அவன் கடற்படை அதிகாரிதான், நிரந்தர வேலைதான். குறுகிய கால வீரராகச் சேரும் அக்னிவீர் வழி வேறு. அது நான்கு வருடம், அதன் பிறகு நால்வரில் ஒருவருக்குத்தான் தொடர்ச்சி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது குரூப் விஷயம். நீட் எழுத வைக்க, மேத்ஸ் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் பேசி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். வேண்டாம் அக்கா. என்.டி.ஏ.வில் கடற்படைக்கும் விமானப்படைக்கும் பிளஸ் டூவில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றும் இருந்தே ஆக வேண்டும். மேத்ஸ்-பயாலஜி குரூப் எடுத்தால் நீட்டும் எழுதலாம், என்.டி.ஏ.வும் எழுதலாம். பாரம் கூடுதல்தான், மறுக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பையனை நானே பியூர் சயின்ஸில் சேரச் சொன்னேன். பிளஸ் டூ முடித்துவிட்டு, "நேவிக்கு அப்ளை பண்ண முடியலையே சார்" என்று வந்து நின்றான். அவன் ஆசை என்னவென்று நான் கேட்டிருக்கவே இல்லை. அந்தத் தவறு என்னுடையது, இன்னும் உறுத்துகிறது.

என்.டி.ஏ. தேர்வை யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். கணக்குக்கு 300 மதிப்பெண், பொதுத் திறனுக்கு 600, அதில் ஆங்கிலம் மட்டும் 200. தேறினால் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி., அதாவது படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் நேர்காணல், அதற்கு 900. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்த தம்பிக்கு மேடு அங்கேதான். மதுரை நத்தம் ரோட்டுக் கலைஞர் நூலகத்துக்கு வாரம் ஒரு நாள் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் அவனுக்குப் பிடித்த விண்வெளிக் கதைகளையே படிக்கட்டும்.

இந்த லீவில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பார்வையோடு நிறம் பிரித்தறியும் சோதனையும் செய்துவிடுங்கள். குறை இருந்தால் இப்போதே தெரிவது நல்லது. நீச்சல் தெரியாது என்றான். உங்கள் ஊர்ப் பக்கம் கிணறு இருக்கும், கூட ஒரு பெரியவர் நின்று பழக்கட்டும்.

கிளம்பும்போது வாசலில் மெதுவாகக் கேட்டீர்கள், "உசுருக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று. ஆபத்து இல்லாத வேலை என்று சொன்னால் அது பொய். ஆனால் நீங்கள் இன்று எடுக்கப்போவது அந்த முடிவு அல்ல. கமாண்டோ பிரிவுக்குப் போவதா என்று கேள்வி வருவதற்கு இன்னும் ஆறேழு வருடம் இருக்கிறது. அப்போது அவனே விவரம் தெரிந்த ஆளாக இருப்பான், உங்களிடம் பேசுவான். உங்கள் பயத்தை அவனிடம் மறைக்காதீர்கள். அவன் அதைக் கேட்டுக்கொள்ளும் பிள்ளை.

ஸ்கூலில் குரூப் பாரம் கொடுக்கும் முன்பு ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள், நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அவனுடைய இருபத்து நான்கு பேரும் திரும்பி வரும்போது நடுக்கடலில் விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். யோசித்து வரைந்து வருவதாகச் சொன்னான்.