தர்பூசணியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

டாலஸுக்கு வந்து முதல் கோடை, கடை வாசலில் பெரிய அட்டைத் தொட்டி நிறைய தர்பூசணி கிடக்கிறது, வாங்கியதெல்லாம் சப்பென்று இருக்கிறது, எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. ஊரில் கடைக்காரரே ஒரு கீற்று வெட்டிச் சிவப்பைக் காட்டிவிடுவார், இங்கே நாம்தான் வெளியே பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பழத்தைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தரையில் படுத்துக் கிடந்த இடம் ஒரு திட்டாகத் தெரியும். அது நல்ல வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முற்றியது, வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் மாங்காய் மாதிரி அரிசிக்குள் புதைத்து வைத்தாலும் இது பழுக்காது, பறித்த அன்று இருந்த இனிப்புதான் கடைசிவரை.

அப்புறம், ஒரே அளவில் இரண்டைத் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். கோடையில் பெரும்பாலும் எடைக்கு இல்லாமல் ஒரு பழத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை போடுவார்கள், அதனால் கனத்துக்குக் கூடுதல் காசு கிடையாது. தோல் பளபளவென்று மின்னுவதைவிட மங்கலாக இருப்பதே மேல். தட்டிப் பார்ப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை, கடை இரைச்சலில் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். உருண்டையானது பெண் பழம், நீளமானது ஆண் பழம், பெண்தான் இனிக்கும் என்று யாராவது சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், பழத்தில் ஆண், பெண் எல்லாம் இல்லை.

வெட்டியதும் உள்ளே சின்னச் சின்ன வெள்ளை விதை தெரிந்தால் காய் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே அதிகம் விற்பது விதையில்லாத ரகம், அந்த வெள்ளை வெறும் மேலுறை, அப்படியே சாப்பிடலாம். நடுவில் வெடித்துப் பிளந்திருந்தாலும் கெட்டதில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டெக்சஸிலேயே விளைந்தது வரும், அப்போது ஆசைதீர வாங்குங்கள். லூலிங் என்ற ஊரில் 1954-லிருந்து ஜூன் கடைசியில் தர்பூசணித் திருவிழாவே நடத்துகிறார்கள், ஆஸ்டின் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள். ஜனவரியில் கிடைப்பது பெரும்பாலும் மெக்சிகோ பக்கமிருந்து வருவது, அப்போது திட்டை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

முழுப் பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை. வெட்டுவதற்கு முன் தோலைக் கழுவிவிடுங்கள், வெட்டியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் முடித்துவிடுங்கள். ஒரு ஆளுக்கு அவ்வளவு பெரிது தேவையில்லை என்றால் குட்டி ரகமும் வருகிறது, அதற்கும் இதே திட்டு, இதே கனம்தான்.