வளவும் விளைவும்: மார்கழிக் கிழங்குக்கு இப்போதே ஆயத்தம்
(வாசகர் கேள்விகளும் பதில்களும்)

கார்த்திகை பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் உருளைக்கிழங்கும் தலைகாட்டத் தொடங்கிவிடும். இம்முறை அதைப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கத்தரி, வெண்டி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கிழங்குக்கு நாள் குறைவு.

கேள்வி: பண்டாரவளையில் தோட்டம் செய்யும் என் மச்சான் கிரனோலா விதைக்கிழங்கு தருவதாகச் சொல்கிறார். குறைந்த நாளில் விளையும் இனம், ஆகவே மட்டக்களப்பிலும் விளையும் என்கிறார். எங்கள் வளவு முழுவதும் மணல். நடலாமா அம்மா? எப்போது நடுவது?
(வாசகர், ஆரையம்பதி)

பதில்: நடலாம், தம்பி. ஆனால் நாள் பார்த்து நட வேண்டும். நாள் தவறினால் மச்சான் தரும் கிழங்கைக் கறி வைத்துச் சாப்பிடுவதே மேல்.

உருளைக்கிழங்குக்குப் பகல் வெயில் வேண்டும், இரவுக் குளிரும் வேண்டும். இரவில் 15 முதல் 18 பாகை செல்சியஸ் இருந்தால் கிழங்கு தாராளமாகக் கட்டும். 20ஐத் தாண்டத் தாண்டக் குறையும். 25ஐ நெருங்கினால் செடி இலையும் தண்டுமாகவே வளர்ந்துகொண்டிருக்கும். பகலில் இலை சமைத்த மாப்பொருளைச் செடி இரவு வெக்கையில் மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது. அதற்கும் மேலாக, கிழங்கு கட்டச் சொல்லும் உட்கட்டளையே வெப்பத்தில் மங்கிப்போகிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கு இந்தக் கவலை இல்லை. நம் கரையில் மார்கழி, தை மாத இரவுகளே 23 பாகை அளவில்தான் நிற்கின்றன. நாம் எல்லைக்கோட்டில் நின்று பயிர் செய்கிறோம். அதனால்தான் குறுகிய வயது இனம் வேண்டும் என்று நான் ஒவ்வோர் ஆண்டும் வற்புறுத்துகிறேன்.

நெல் செய்கிறவர்களுக்கு வயது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பிஜி 300 மூன்று மாதம், பிஜி 94-1 மூன்றரை மாதம் என்று தண்ணீர்க் கணக்குக்கு ஏற்ப இனத்தைத் தெரிவு செய்கிறோம் அல்லவா? கிழங்கில் தண்ணீரின் இடத்தில் குளிரை வைத்துக் கணக்குப் போடுங்கள். மாரியின் பெருமழை ஓய்வதற்கும் பங்குனி வெயில் ஏறுவதற்கும் இடையில் நமக்குக் கிடைப்பது இரண்டரை மாதமளவு. நான்கு மாத இனம் அதற்குள் அடங்காது. கிரனோலா 1970களில் ஜெர்மனியில் உருவான இனம், மஞ்சள் தோலும் இளமஞ்சள் சதையும் கொண்டது. நம் நாட்டில் 80 முதல் 90 நாளில் தோண்டுகிறார்கள். முளைவிட்ட கிழங்கை நட்டு, சற்று இளமையிலேயே தோண்டுவதானால் நம் இடைவெளிக்குள் அடக்கிவிடலாம். யாழ்ப்பாணத்தில் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணில் பெரும்போகத்தில் கிழங்கு செய்கிறவர்களும் இந்தக் குளிரை நம்பித்தான் செய்கிறார்கள். அவர்களுக்குச் செம்மண், உங்களுக்கு மணல். வேறுபாடு அதில்தான்.

நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில் நடுங்கள். நத்தாரை ஒட்டி நட்டால் இன்னும் நல்லது. நட்டு ஐந்தாறு கிழமையில் கிழங்கு கட்டத் தொடங்கும். அந்த நாட்கள் தை கடைசியிலும் மாசி தொடக்கத்திலும் விழ வேண்டும். மழை குறைந்து, பனி பெய்து, இரவு நமக்குக் கிடைக்கக்கூடிய அளவுக்குக் குளிர்ந்திருக்கும் காலம் அது. கார்த்திகையில் நட்டால் விதைக்கிழங்கு மழையில் அழுகும். மாசியில் நட்டால் கட்ட வேண்டிய நேரத்தில் வெக்கை வந்துவிடும்.

மச்சானிடம் கிழங்கை இப்போதே வாங்கி, வெளிச்சம் படும், வெயில் படாத இடத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி வையுங்கள். விறாந்தையின் ஒரு மூலை போதும். இருட்டில் முளைத்தால் வெள்ளையாக, நீளமாக வந்து தொட்டதும் ஒடியும். வெளிச்சத்தில் முளைத்தால் குட்டையாக, தடித்து, பச்சையும் ஊதாவுமாக நிற்கும். அந்தக் குட்டை முளையால் மண்ணில் நமக்கு இரண்டு கிழமையளவு மிச்சமாகும். கோழிமுட்டை அளவுள்ள, 40 முதல் 60 கிராம் கிழங்குகளாகக் கேட்டு வாங்குங்கள். மலைநாட்டில் பெரிய கிழங்கை வெட்டி நடுவதுண்டு. நம் ஈரச் சூட்டில் வெட்டிய முகம் அழுகும். முழுதாகவே நடுங்கள்.

மணலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் இருக்கும் களுதாவளையில் மிளகாயும் வெங்காயமும் வெற்றிலையும் மணலில்தான் விளைகின்றன. கிழங்குக்கு மணல் இளக்கமாக இருப்பது நன்மையே. தண்ணீரையும் பசளையையும் பிடித்து வைக்காது என்பதுதான் குறை. நன்றாக மக்கிய மாட்டெருவையும் கூட்டெருவையும் மணலோடு தாராளமாகக் கலந்து, ஒரு முழம் அகலத்துக்கு உயர்ந்த பாத்தி போடுங்கள். பச்சைச் சாணம் கூடாது. வரிசைக்கு வரிசை இரண்டடி, கிழங்குக்குக் கிழங்கு முக்காலடி, ஆழம் நான்கு அங்குலம். சாம்பலைக் கைநிறைய அள்ளிப் போடும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. உருளைக்கிழங்குக்கு அது வேண்டாம். சற்றுப் புளிப்பான மண்ணே அதற்கு உகந்தது. சாம்பலும் சுண்ணாம்பும் ஏறினால் தோலில் சொறி பிடிக்கும். சிப்பித் துண்டுகள் கலந்த கடற்கரை மணலில் இது இன்னும் கவனிக்க வேண்டியது.

முளை மேலே வந்ததும் செடியைச் சுற்றி வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புங்கள். வயலும் வைக்கோலும் நிறைந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு மண்ணை வெறுமையாக வெயிலில் விடுவது எனக்குப் பொறுக்காது. வைக்கோல் மண்ணின் சூட்டைத் தணிக்கும், ஈரத்தைக் காக்கும். தண்ணீரைக் காலையில், வேரடியில் ஊற்றுங்கள். வாவிக்கரைக் கிணறு உவர்ப்பாக இருந்தால் இலை ஓரம் கருகுவதில் தெரியும். அப்படியானால் வேறு தண்ணீர் பார்க்க வேண்டும்.

ஒரு செடியில் கால் கிலோ கிடைத்தால் நம் கரைக்கு நல்ல விளைவு, அரைக் கிலோ என்றால் மிக நல்ல விளைவு. மலைநாட்டு வெலிமடையின் கணக்கோடு ஒப்பிட்டு மனம் சோர வேண்டாம்.

கேள்வி: சித்திரையில் நட்டேன். செடி இடுப்பளவு வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். யூரியாவும் இரண்டு முறை போட்டேன். தோண்டிப் பார்த்தால் பாக்களவில் நாலைந்துதான். மண் சரியில்லை என்கிறார் உம்மா. எங்கே பிழை?
(வாசகர், சம்மாந்துறை)

பதில்: உம்மாவிடம் சொல்லுங்கள், மண்மேல் பழி இல்லை. முதல் காரணம் மாதம். சித்திரை, வைகாசி இரவுகளில் சம்மாந்துறையில் எந்த இனமும் ஒழுங்காகக் கட்டாது. மண்ணுக்குள் கிழங்காகத் திரள வேண்டிய கொடிகூட அந்த வெக்கையில் மேலே வந்து இலைவிடும். நீங்கள் அதையும் கண்டிருப்பீர்கள்.

இரண்டாவது காரணம் யூரியா. நைதரசன் மிகுந்தால் இலை செழிக்கும், கிழங்கு கட்டுவது தள்ளிப்போகும். குறுகிய வயது இனத்தை வாங்கிவிட்டு யூரியாவால் அதன் வயதை நாமே கூட்டிவிடுகிறோம். உங்கள் ஊரில் வயலுக்கு யூரியா எறிந்து பழகிய கை வீட்டுத் தோட்டத்திலும் அப்படியே எறிகிறது. பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நடும்போது அடியில் மக்கிய எருவோடு சிறிதளவு, பிறகு மண் அணைக்கும்போது சிறிதளவு. அதோடு நிறுத்துங்கள். கிழங்கு பருக்கப் பொட்டாசியம் வேண்டும். மக்கிய வைக்கோலிலும் வாழைத்தண்டிலும் அது தாராளமாக இருக்கிறது.

இந்த மார்கழியில் அதே இடத்தில் மீண்டும் நட்டுப் பாருங்கள். கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் உங்கள் பக்கத்தில் இரவு எங்களைவிடச் சற்றுக் குளிர்.

கேள்வி: யூரியாப் பையில் நட்டு, செடி வளர வளர மண் போட்டுக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு வரும் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். உண்மையா அம்மா?
(வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: பை நல்ல யோசனை, மகள். அடுக்கை நம்ப வேண்டாம். குறுகிய வயது இனங்கள் விதைக்கிழங்குக்குக் கிட்டவே, ஏறத்தாழ ஒரே காலத்தில் கிழங்கைக் கட்டி முடித்துவிடும். மேலே எத்தனை அடி மண் போட்டாலும் அங்கே புதிதாக ஒன்றும் வராது. கிழங்கு வெளிச்சம் காணாமல் மூடிக்கொள்ள அரையடி மண் அணைத்தால் போதும்.

ஆனாலும் நம் ஊருக்குப் பையைத்தான் நான் முதலில் சொல்வேன். மார்கழியில் திடீரென்று மழை இறங்கினால் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்கலாம். 50 கிலோப் பையைப் பாதிக்கு மடித்து, அடியிலும் பக்கத்திலும் துளையிட்டு, மணல், கூட்டெரு, உமிக்கரி மூன்றையும் கலந்து நிரப்புங்கள். ஒரு பைக்கு இரண்டு கிழங்கு, அதற்கு மேல் வேண்டாம். மாசியில் பையின் பக்கங்களில் வெயில் அடிக்கவிடாதீர்கள். ஒரு கிடுகைச் சாய்த்து வைத்தால் வேர் சூடாகாது.

கேள்வி: கடந்த ஆண்டு மிளகாய் நின்ற இடத்தில் கிழங்கு நட்டோம். ஒரு மாதத்தில் செடிகள் பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொன்றாக வாடி விழுந்தன. தண்ணீர் குறைவில்லை. என்ன நோய்?
(வாசகி, கொக்கட்டிச்சோலை)

பதில்: வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டு முகம் தண்ணீரில் முட்டும்படி ஒரு கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுச் சில நிமிடம் அசைக்காமல் பாருங்கள். வெள்ளை நூல்போல ஏதாவது கீழே இறங்கினால் அது பக்டீரியா வாடல். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மருந்தில்லை. கடைக்காரர் ஏதாவது போத்தலைத் தந்தால் வாங்காதீர்கள்.

மிளகாய், கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். இந்த நோய் எல்லாவற்றையும் பிடிக்கும். படுவான்கரையிலும் சரி, எழுவான்கரையிலும் சரி, நம் வளவுகளில் கத்தரியோ மிளகாயோ நிற்காத மூலை இல்லை. அதனால் இந்த நால்வரும் நின்ற இடத்தில் மூன்றாண்டுக்கு உருளைக்கிழங்கு வைக்க வேண்டாம். அங்கே சோளம், பயறு, வெங்காயம் வையுங்கள். வாடிய செடியை வேர்மண்ணோடு பிடுங்கி எரியுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள். மண்வெட்டியையும் கழுவுங்கள். கிழங்கு ஆசை விடவில்லையென்றால் புது மண் நிரப்பிய பையில் நடுங்கள்.

முள்ளம்பன்றி பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பக்கத்தில் மரவள்ளியை விடாத முள்ளம்பன்றி இதையும் விடாது. பைகளை வீட்டுச் சுவரோடு வைப்பதுதான் வழி.

கேள்வி: தோண்டிய கிழங்கில் சில பச்சையாக இருந்தன. வேகவைத்தால் பிழையில்லையா?
(வாசகர், கல்முனை)

பதில்: பச்சை நிறம் தானாகத் தீங்கில்லை. ஆனால் வெளிச்சம் பட்ட கிழங்கில் சோலனைன் என்ற நஞ்சும் கூடவே ஏறும். அவித்தாலும் அது போகாது. சிறு பச்சை என்றால் தடிப்பாகச் சீவி எறியுங்கள். பெரும்பகுதி பச்சை என்றால், கசந்தால், முழுதாகவே எறியுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். பூத்த பிறகு சிறு தக்காளிபோலக் காய்க்கும் காயும் நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் காணும்போதே கிள்ளிவிடுங்கள்.

கேள்வி: தோண்டும் நாளை எப்படி அறிவது? அடுத்த ஆண்டுக்கு விதையாக எடுத்து வைக்கலாமா? சந்தைக் கிழங்கு முளைத்தால் அதை நடலாமா?
(வாசகி, திருக்கோவில்)

பதில்: பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம். நம் கரையில் பல செடிகள் பூக்காமலே முடித்துவிடும். நட்ட நாளைப் பையிலேயே எழுதி வையுங்கள். 70 நாள் கடந்து அடியிலை மஞ்சளானால் ஓரத்தில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பெருவிரலால் தேய்க்கத் தோல் உரிந்தால் இளங்கிழங்கு. அன்றன்றைக்குத் தோண்டித் தோலோடு அவித்து மிளகுத்தூள் தூவிச் சாப்பிடலாம், பாற்கறியும் வைக்கலாம். ஆனால் நாள் தாங்காது. வைத்துச் சாப்பிட வேண்டுமானால் தண்ணீரை நிறுத்தி, செடியை அடியோடு வெட்டிவிட்டு, பத்து நாள் கழித்துத் தோண்டுங்கள். தோல் முற்றியிருக்கும். கழுவாமல், இருட்டான, காற்றோட்டமான இடத்தில் பரப்புங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். மாப்பொருள் சீனியாகிப் பொரிக்கும்போது கறுக்கும்.

விதைக்கு வைக்க வேண்டாம். பங்குனியில் தோண்டியது மார்கழிவரை நம் வெக்கையில் தாங்காது. அசுவுணி கொண்டுவரும் வைரஸ் நோயும் கிழங்குக்குள் தங்கி ஆண்டுக்கு ஆண்டு விளைவைக் குறைக்கும். சந்தைக் கிழங்கும் வேண்டாம். அது என்ன இனம், எத்தனை நாள் வயது என்று தெரியாது. இறக்குமதியானதில் முளைக்காமலிருக்க மருந்திட்டதும் உண்டு, நோயும் வரலாம். குஃப்ரி சந்திரமுகி என்ற இந்தியக் குறுகிய வயது இனத்தைச் சென்னையிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. தந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு கிழங்கோடு வரும் நோய் ஊர் முழுவதற்கும் போதும்.

ஒவ்வோர் ஆண்டும் மலைநாட்டிலிருந்து சான்றுபெற்ற விதைக்கிழங்கையே எடுங்கள். தனியாக இரண்டு கிலோ கேட்டால் தரமாட்டார்கள். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, உங்கள் கமநல சேவை நிலையத்தில் உள்ள விவசாயப் போதனாசிரியரிடம் இந்தக் கிழமையே சொல்லி வையுங்கள். கிழங்கு வந்து முளைவிட மூன்று கிழமையாவது வேண்டும்.